உயரம் மட்டும் போதுமா?

கேளிக்கைப் பூங்காவில் விளையாட்டு வாயில்தோறும் ஓர் அளவுகோல் நிற்கிறது. குழந்தை அதன் அருகே நிமிர்ந்து நின்றால் போதும். ஏறலாமா, கூடாதா என்பதைக் கோல் நொடியில் சொல்லிவிடும். பெற்றோர்க்கு இதைவிட எளிய தீர்ப்பு வேறில்லை. ஆனால் அந்தக் கோல் அளப்பது பாதத்திற்கும் உச்சந்தலைக்கும் இடையே உள்ள தொலைவை மட்டுமே. அந்தச் சிறு உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் அச்சத்தையும் துணிவையும், களைப்பையும் களிப்பையும் அளக்க எவரும் இதுவரை ஒரு கோல் செய்து தரவில்லை. இளங்குழந்தையை அத்தகைய பூங்காவிற்கு எப்போது அழைத்துச் செல்வது என்பது சிறிய கேள்விபோல் தோன்றும். ஆயினும் ஒரு குடும்பத்தில் அது ஆறு ஆண்டுகள் ஆறாத புண்ணாக இருந்தது.

ரவாங்கில் வாழும் குடும்பம் அது. தந்தை 1984ஆம் ஆண்டில் பத்தாங் காலிக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவரைப் பெற்றவர்கள் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். இரவு வேளையில், மேகம் விலகியிருக்கும்போது, தொலைவில் கெந்திங் மலையுச்சியின் விளக்குகள் விண்மீன்களுக்குப் போட்டியாக மின்னும். லயத்து வாசலில் நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பான் அந்தச் சிறுவன். லிம் கோ தோங் என்பவர் 1965ஆம் ஆண்டில் அம்மலையில் பணியைத் தொடங்கினார். அங்கே முதல் தங்கும் விடுதி 1971ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் இராட்டினங்களும் விரைவண்டிகளும் வந்தன. "அடுத்த போனஸ் வரட்டும் ஐயா, கூட்டிப் போகிறேன்" என்று அவனுடைய தகப்பனார் ஆண்டுதோறும் சொன்னார். போனஸ் வந்தது, கடன் அதற்கு முன்பே வந்து காத்திருந்தது. மலை விளக்குகள் தொலைவிலேயே நின்றுவிட்டன.

எட்டாத விளக்கைக் கண்டு வளர்ந்தவன், தான் தந்தையானபோது, தன் பிள்ளைக்கு அது எட்ட வேண்டும் என்று எண்ணியதில் வியப்பில்லை. 2018ஆம் ஆண்டில் அவருடைய மகளுக்கு மூன்று வயது நிறைந்தது. நாட்டின் பெரிய பூங்கா ஒன்றிற்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். "இன்னும் ஓராண்டு போகட்டுமே" என்று மனைவி சொன்னார். "இப்போது அவளுக்குச் சீட்டுக் கட்டணம் இல்லை, அடுத்த ஆண்டு முழுக் கணக்கில் வந்துவிடுவாள்" என்பது கணவரின் விடை.

அங்கே இருட்டுக் குகைக்குள் படகு செல்லும் விளையாட்டு ஒன்று இருந்தது. குழந்தை வாயிலிலேயே தயங்கி நின்றது. "பயமே இருக்காது கண்ணு, அப்பா சொல்கிறேன் அல்லவா?" என்று தூக்கி அமர்த்தினார். குகையின் வளைவில் பெரிய விலங்குருவம் ஒன்று ஒளியும் உறுமலுமாக எழுந்தது. குழந்தை அழவில்லை. அழுதிருந்தாலும் நலமாக இருந்திருக்கும். வெளியே வந்தபோது அவளுடைய உடை நனைந்திருந்தது. கண்கள் எங்கோ நிலைகுத்தியிருந்தன. அதன்பின் பல மாதங்கள் அவள் மின்தூக்கியில் ஏற மறுத்தாள்; விளக்கணைத்தால் உறங்க மறுத்தாள். அவையெல்லாம் காலப்போக்கில் மறைந்தன. மறையாதது ஒன்று இருந்தது. தந்தை எதைச் சொன்னாலும், "அப்படியா அம்மா?" என்று தாயிடம் திரும்பிக் கேட்கும் வழக்கமே அது. மழை வராது என்று அவர் சொன்னாலும் சரி, ஊசி வலிக்காது என்று சொன்னாலும் சரி, மகளின் முகம் தாயை நோக்கித் திரும்பும். அந்தத் திருப்பம் ஒவ்வொன்றும் அவருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஆண்டுகள் சென்றன. 2024ஆம் ஆண்டில் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பின் பிறந்த மகனுக்கு நான்கு. மலையுச்சியின் பழைய திறந்தவெளிப் பூங்கா 2013ஆம் ஆண்டில் மூடப்பட்டு, அவ்விடத்தில் புதிய பூங்கா 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டிருந்தது. பள்ளி விடுமுறை நெருங்கியது. மகனைக் கதவு நிலையோரம் நிறுத்தி அளந்தார்கள், 104 சென்டிமீட்டர். "பல விளையாட்டுகளுக்கு இந்த உயரம் போதும்" என்று தந்தை மகிழத் தொடங்கினார். "அக்காவும் அப்போது போதுமான உயரந்தான் இருந்தாள்" என்றார் தாய். வீட்டில் அமைதி நிலவியது.

உயரக் கட்டுப்பாடு எதற்காக என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வண்டி சுழலும்போதும் சரியும்போதும் இருக்கையின் பிடிப்புக் கம்பி உடலை நழுவவிடாமல் தாங்க வேண்டும். அதற்குக் குறிப்பிட்ட அளவு வளர்ந்த உடல் தேவை. சிங்கப்பூர்ச் செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோசில் ஒரு விளையாட்டுக்கு 122 சென்டிமீட்டர் என்றும், மற்றொன்றுக்கு 125 சென்டிமீட்டர் என்றும் வரையறுத்தது இதன்பொருட்டே. ஆகவே அந்த எண் பொறியாளரின் விடை. தாய் தந்தையரின் விடை அன்று. "இவ்வுடலைக் கம்பி தாங்கும்" என்று மட்டுமே அது கூறுகிறது. "இம்மனம் இதைத் தாங்கும்" என்று அது ஒருபோதும் கூறவில்லை.

மனத்தின் வளர்ச்சி வேறு வழியில் நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டிவ்ரீஸ் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. சாதுவான பூனை ஒன்றைக் குழந்தைகளிடம் காட்டினார்; அதைத் தடவிப் பார்க்கவும் விட்டார். பின்னர் அதன் தலையை மறைத்துக்கொண்டு, கொடிய நாயின் முகமூடியை அணிவித்துக் காட்டினார். பூனையின் உடலும் வாலும் குழந்தைகளின் கண்முன்னேயே இருந்தன. இருந்தும் மூன்று வயதுக் குழந்தைகள் பலர் அது நாயாகவே மாறிவிட்டதென்று நம்பினர். சிலர் அஞ்சி விலகினர். ஆறு வயதை எட்டியவர்களோ, அது முகமூடி அணிந்த பூனைதான் என்பதை உணர்ந்திருந்தனர். வேடமிட்ட உருவங்களும், திடுமென எழும் பூதங்களும் நிறைந்த பூங்காவில் மூன்று வயதுக்காரரும் ஆறு வயதுக்காரரும் காண்பது ஒரே காட்சி அன்று. ஒருவருக்கு அது நாடகம். மற்றவருக்கு அது நடப்பு.

களைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. காலை முதல் இரவு வரை பூங்காவில் இருந்தால்தான் கொடுத்த பணம் தகும் என்று கருதும் பெற்றோரின் கணக்கும் இந்தக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. நண்பகல் கடந்தபின் தரையில் புரண்டு அழும் குழந்தையை அடங்காப் பிள்ளை என்று உலகம் சொல்லும். உண்மையில் அது உறக்கத்திற்கு ஏங்கும் பிள்ளை.

இவையெல்லாம் அந்த வீட்டில் பேசப்பட்டன. "இந்த வயதில் கூட்டிப் போனாலும் பெரியவனானபின் எதுவும் நினைவிராது, வீண் செலவு" என்றார் உறவினர் ஒருவர். வளர்ந்தவர்கள் பெரும்பாலோர்க்கு மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் நினைவில் தங்குவதில்லை என்பது உண்மையே. மகளுக்கும் அந்தக் குகை நினைவில் இல்லை. படகும் நினைவில் இல்லை. ஆனால் தந்தை சொன்னதைத் தாயிடம் உறுதிசெய்துகொள்ளும் வழக்கம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. நிகழ்ச்சி மறைந்தாலும் அதன் தழும்பு நின்றுவிடுகிறது.

அதுவரை பேசாதிருந்த பாட்டி அப்போது வாய் திறந்தார். "தம்பி, பத்துமலையில் உன்னை நான் இறக்கிக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கிறதா?" என்று மகனைக் கேட்டார். அவருக்கு நினைவில்லை. 1988ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில், நான்கு வயது மகனுக்கு மொட்டையடித்து, 272 படிகளில் ஏறத் தொடங்கினார் அந்தத் தாய். பாதி வழியில் உறுமி மேளம் முழங்க அலகுக் காவடி ஒன்று எதிர்ப்பட்டது. பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கியது. "இன்னும் பாதிதானே, ஏறிவிடுவோம்" என்றார் கணவர். உடன் வந்தவர்கள் சாமி குற்றம் என்றார்கள். அவர் எவர் சொல்லையும் கேளாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"முருகன் எங்கே போய்விடப் போகிறான்? அடுத்த ஆண்டும் அந்த மலையில்தான் இருப்பான். பிள்ளை மனத்தில் பயம் ஏறிவிட்டால் அதை யார் இறக்குவது? மறு ஆண்டு நீயே என் கையை இழுத்துக்கொண்டு ஏறினாய்" என்றார் பாட்டி.

எழுத்தறியாத அந்தத் தாய் எந்த உளவியல் நூலையும் படித்தவர் அல்லர். தன் பிள்ளை ஏறத் தகுதி பெற்றுவிட்டானா என்று அவர் ஆராயவில்லை. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கும் துணிவு அவரிடம் இருந்தது. நாள் முழுதும் பேசியும் விளங்காத ஒன்று அப்போது மகனுக்கு விளங்கியது. குழந்தை தகுதி பெற்றுவிட்டதா என்று அவர் ஓயாது கேட்டார். தாம் தகுதி பெற்றுவிட்டோமா என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

உடனே மலைக்குப் புறப்பட்டுவிடாமல், ஊர்த்திடலில் கூடாரம் அடித்திருந்த சிறிய கேளிக்கைச் சந்தைக்கு மகனை முதலில் அழைத்துச் சென்றார்கள். "போதும் என்று நீ எப்போது சொன்னாலும் இறங்கிவிடலாம்" என்று தந்தை வாக்களித்தார். சிறுவன் குதிரை இராட்டினத்தில் மூன்று முறை சுற்றினான். நான்காம் முறை, "போதும் அப்பா" என்றான். இறங்கினார்கள். கரடி வேடத்தில் பலூன் விற்றவரைக் கண்டு அவன் தாயின் பின்னே ஒளிந்தான். அவர் அன்போடு முகமூடியைக் கழற்றிச் சிரித்தார். சிறுவன் சுற்றுமுற்றும் பார்த்து, "கரடி எங்கே போய்விட்டது?" என்று கேட்டான். இருட்டும் வேடமும் நிறைந்த விளையாட்டுகள் அவனுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகவேண்டியவை என்பதை அந்த ஒரு கேள்வி காட்டியது. அதே வேளையில், தன் அச்சத்தையும் களைப்பையும் வாய்திறந்து சொல்ல அவனுக்குத் தெரிந்திருந்தது. போவது என்று முடிவாயிற்று. நண்பகலுக்குமேல் அங்கே தங்குவதில்லை என்றும் முடிவாயிற்று.

பத்தாங் காலி வழியாக மலை ஏறினார்கள். பழைய தோட்டம் இருந்த பக்கத்தைப் பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார். உயரம் கூடக் கூடக் காது அடைத்தது; தாய் கொடுத்த தண்ணீரை மிடறு மிடறாக விழுங்கியதும் சிறுவனுக்கு அது விலகியது. பூங்காவில் இரண்டு சிறிய விளையாட்டுகளில் அவன் குதூகலித்தான். மூன்றாவதற்கு நெடிய வரிசை. முக்கால் மணி நேரம் காத்து நின்று, முறை வந்து, இருக்கையை நோக்கி அடியெடுத்து வைத்தபோது, "போதும் அப்பா" என்றான்.

தந்தை ஒரு கணம் நின்றார். பின்னால் மக்கள் வரிசை. சட்டைப் பையில் விலை உயர்ந்த சீட்டு. நெஞ்சில் லயத்து வாசலில் நின்ற சிறுவன். "பயமே இருக்காது" என்ற பழைய சொல் நாவின் நுனிவரை வந்தது. அவர் அதை விழுங்கிவிட்டு, மகனைத் தூக்கிக்கொண்டு வரிசையைவிட்டு வெளியேறினார்.

இதையெல்லாம் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயிலை நோக்கி நடக்கையில் ஒரு விளையாட்டின் முன் நின்று, "அப்பா, இதன் உள்ளே இருட்டாக இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருட்டாகத்தான் இருக்கும் அம்மா. சற்றுப் பயமாகவும் இருக்கும்" என்றார் அவர்.

அவள் சிறிது நேரம் எண்ணினாள். தாயின் பக்கம் திரும்பவில்லை. "அப்படியானால் நான் வருகிறேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றாள்.

குழந்தையின் உயரம் தானே வளரும். அதற்காகப் பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆண்டு ஒன்று கழிந்தால் கோலின் அடுத்த கோட்டைத் தலை தொட்டுவிடும். ஆனால் தாய் தந்தையரின் சொல்மீது குழந்தை வைக்கும் நம்பிக்கை ஒருமுறை குறைந்துவிட்டால் மீண்டும் வளர நெடுங்காலம் ஆகும். மலைகளும் பூங்காக்களும் காத்திருக்கும். மூன்று வயதா, நான்கு வயதா, ஆறு வயதா என்று நாள்காட்டியைப் பார்க்குமுன், "போதும்" என்ற மழலைச் சொல்லுக்கு மதிப்பளிக்கும் மனம் நமக்கு வாய்த்திருக்கிறதா என்று நம்மையே அளந்து பார்த்தல் நலம்.