முன் ஆசனத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



மலேசியாவுக்குப் போய் வந்ததிலிருந்து ஊரிலும், கல்வியியற் கல்லூரி பெட்ச் வாட்ஸ்அப் குழுவிலும் எங்களிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். "பிஸ்னஸ் கிளாசுக்கு மாறச் சொல்லி ஈமெயில் வந்திரிக்கி, மாறலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்பிக் களைத்துப் போனதால் இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. லீவில் டிக்கட் போட்டிருப்பவர்கள் மட்டுமாவது வாசியுங்கள்.

நாங்கள் இருவரும் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் வெளிநாட்டு லீவுக்கு அனுமதி எடுத்து, இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் போன பயணம் இது. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், எங்களில் ஒருவருக்கு உம்மாவும் மற்றவருக்கு மாமியுமான எங்கள் உம்மா. மொத்தம் ஐந்து பேர். உம்மாவுக்கு இதுதான் முதல் விமானம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வாப்பா மௌத்தானதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டுப் பெரிதாக வெளியே போனதில்லை. உண்மையில் இந்தப் பயணமே அவருக்காகத்தான்.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த ஈமெயில் வந்தது. முன் வகுப்பில் காலி ஆசனங்கள் இருக்கின்றன, விரும்பினால் ஒரு விலை கேளுங்கள் என்றது. ஏலம் மாதிரிதான். ஆகக் குறைந்த விலையை அவர்களே போட்டிருப்பார்கள், அதற்கு மேல் எவ்வளவு என்பது நம் இஷ்டம். ஏற்றுக்கொண்டால் மட்டும் கார்டில் கழிப்பார்கள். எங்களுக்குக் காட்டிய ஆகக் குறைந்த விலை ஒருவருக்கு, ஒரு வழிக்கு 150 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 45,000. ஐந்து பேருக்கு 2,25,000 ரூபா. போகும் வழிக்கு மட்டும்!

ஐந்து பேருக்கும் என்ற பேச்சு அதோடு முடிந்தது. உம்மாவுக்கு மட்டும் என்ற பேச்சுத்தான் வீட்டில் மூன்று நாள் ஓடியது.

கட்டாரில் இருக்கும் நானாவிடம் இதைச் சொன்னோம். அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "காசு நான் தாறன். உம்மாவ முன்னுக்கு ஏத்துங்க. வாழ்க்கைல ஒரு தரம் போற மனிசி." நாங்கள் தயங்கியதும் அவருடைய குரல் மாறியது. "உம்மாக்கெண்டு வரக்குள்ளயும் கணக்குப் பார்க்கிறீங்களா?"

இந்த வார்த்தை எங்களைச் சுட்டது. ஊரில் எந்தப் பிள்ளையிடம் இப்படிக் கேட்டாலும் சுடும். அதனால்தான் பலர் கணக்கே பார்க்காமல் பட்டனை அமத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறோம். நாங்கள் கணக்குப் பார்த்தோம். உம்மாவுக்காகத்தான் பார்த்தோம்.

கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் மணித்தியாலம். ஏறும்போதும் இறங்கும்போதும் எந்த வகுப்பானாலும் ஆசனத்தை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். இடையில் சாப்பாடு வரும், தட்டு எடுப்பார்கள். சாய்ந்து படுக்கக் கிடைப்பது மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு. அப்படியானால் ஒரு மணித்தியாலச் சாய்வுக்கு 15,000 ரூபாவுக்கு மேல். அதிலும் என்ன ஆசனம் என்று பார்க்க வேண்டும். பிஸ்னஸ் கிளாஸ் என்றதும் நம் மனதில் வருவது கட்டில் மாதிரி விரியும் ஆசனம். இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில் அது இருக்கலாம். ஒரே நடைபாதை உள்ள சிறிய விமானங்களில் முன் வகுப்பில் பெரும்பாலும் அகலமான, நன்றாகச் சாயும் கதிரைதான். எங்களுடையது சிறிய விமானம். டிக்கட்டில் விமான வகை எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.

தட்டையாக விரியும் கட்டிலை வணிக வகுப்புக்கு 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்தது பிரிட்டிஷ் எயார்வேய்ஸ். இரவில் அத்திலாந்திக்கைக் கடந்து, காலையில் நேராகக் கூட்டத்துக்குப் போகிறவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. அவர்களில் பலருக்குக் காசு கட்டுவது கம்பனி. நாம் போவது சொந்தக் காசில், லீவில், இறங்கியதும் நித்திரை கொள்ளலாம் என்ற நிலையில்.

இன்னொரு விஷயம், மாணவர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறோம். விமானத்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பது போன்றதல்ல. பறக்கும்போது பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் ஒரு மலையில் நிற்பதற்குச் சமம். நுவரெலியா நகரம் ஏறக்குறைய 6,100 அடி, பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் மிகவும் வரண்டது. தொண்டை காய்வது, சாப்பாட்டில் ருசி குறைவது இரண்டிலும் இதற்கொரு பங்கு உண்டு. திரைக்கு முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் இது ஒன்றுதான். 45,000 ரூபா கொடுத்தாலும் நுவரெலியாவிலிருந்து கீழே இறக்க மாட்டார்கள்.

இரத்தக் கட்டி பற்றியும் நானா பயம் காட்டினார். பயம் பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ அசையாமல் இருந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் அது ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் அடுத்த பகுதி: இது விமானத்துக்கு மட்டும் உரியதல்ல, பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். காரணம் வகுப்பு அல்ல, அசையாமல் இருப்பது.

அப்போதுதான் நாங்கள் எங்கள் வேனைப் பற்றி யோசித்தோம்.

கிழக்கில் இருப்பவர்களுக்கு இது விளங்கும், கொழும்பில் இருப்பவர்களுக்கு விளங்காது. எங்கள் ஊரிலிருந்து பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போய்க் கட்டுநாயக்கவை அடைய ஏழு, எட்டு மணித்தியாலம். விமானத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஐந்து பேரும் பெட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு, மடக்கிய முழங்காலோடு. அந்த வேனில் உம்மாவை உட்காரவைத்துக் கொண்டுபோய், பிறகு மூன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு மட்டும் முன்னுக்கு ஏற்றுவதில் என்ன நியாயம்?

விமானம் நள்ளிரவு கடந்து 12.30க்கு. மலேசிய நேரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கே இறங்கும்போது கடிகாரத்தில் காலை ஆறே முக்கால், நம் உடம்புக்கு அதிகாலை நாலேகால். ஹோட்டலில் அறை தருவது பிற்பகல் மூன்று மணிக்கு. உம்மா உண்மையாகக் கஷ்டப்படப் போவது இந்த எட்டு மணித்தியாலத்தில்தான். லொபியில் பெட்டிகளுக்குப் பக்கத்தில், நித்திரை இல்லாத இரவுக்குப் பிறகு, இரண்டு பிள்ளைகளின் சண்டைக்கு நடுவில். முன் ஆசனம் விமானத்தின் கதவோடு முடிந்துவிடும்.

இவ்வளவையும் நானாவிடம் சொன்னோம். அவர் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. "சரி, உம்மாட்டக் கேளுங்க" என்றார். மூன்று நாளாக உம்மாவைப் பற்றிக் கதைத்தோம், உம்மாவிடம் கதைத்தது அன்றுதான். வாட்ஸ்அப் வீடியோவில் நானா, சாய்மானத்தில் உம்மா, சுற்றி நாங்கள்.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கெல்லாம் எங்க இரிப்பீங்க?" என்றார்.

"பின்னுக்கு."

"நான் தனிய முன்னுக்கு இரிந்து என்ன செய்யிற? பாத்ரூம் எங்கெண்டு யார்ட்ட கேக்கிற? பயம் வந்தா யார்ர கையப் புடிக்கிற?" கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு நானாவைப் பார்த்து, "மனே, அந்தக் காச அனுப்பு. வேணாமெண்டு சொல்லல்ல. போய் எறங்கினொடன படுக்கிறதுக்கு ஒரு கட்டில் எடுத்துத் தரச் சொல்லு" என்றார்.

நானா சிரித்துவிட்டார். காசு மறுநாள் வந்தது.

அந்த 45,000 எப்படிப் போனது என்றால், நீர்கொழும்பில் பகல் நேரத்துக்கு மட்டும் ஒரு அறை, 9,000. சுபஹுக்குப் பின்னால் ஊரிலிருந்து புறப்பட்டு, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வேனை நிறுத்தி உம்மாவை நடக்கவைத்து, மூன்று மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். இரவு ஒன்பது மணி வரை உம்மாவும் பிள்ளைகளும் நல்ல நித்திரை. கோலாலம்பூரில் அறையை முந்திய இரவிலிருந்தே எங்கள் பெயரில் போட்டோம், 22,000. காலையில் போனதும் திறப்பைத் தந்தார்கள். மிச்சத்தில் விமானத்தில் பொது வகுப்பின் முதல் வரிசையில் உம்மாவுக்கு நடைபாதை ஓரமாக ஒன்று, பக்கத்தில் எங்களில் ஒருவருக்கு ஒன்று. அவசரக் கதவு வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர்களையும் சிறு பிள்ளைகளையும் அங்கே இருத்த மாட்டார்கள், அதற்குக் காசு கட்டிவிடாதீர்கள்.

சக்கர நாற்காலி உதவிக்கு நாங்கள் ஒரு சதமும் கட்டவில்லை. டிக்கட் போட்ட ஏஜென்சியிடம் முன்கூட்டியே சொன்னோம், கட்டுநாயக்கவிலும் கோலாலம்பூரிலும் ஆள் வந்து நின்றார். அந்தப் பெரிய விமான நிலையத்தில் உம்மாவை நடக்கவைத்திருந்தால், முன் வகுப்பில் வந்திருந்தாலும் முழங்கால் போயிருக்கும். நம் பெரியவர்கள் பலர் இதைக் கேட்க வெட்கப்படுகிறார்கள். "நான் என்ன நொண்டியா?" என்பார்கள். பிள்ளைகள் கேட்டு வைத்துவிடுங்கள்.

விமானத்தில் உம்மா நித்திரை கொள்ளவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். நல்ல குளிர், போர்வை போதவில்லை, மேலெழும்பும்போது பிடித்த கையை நெடுநேரம் விடவில்லை. முன்னால் திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் காலை நீட்டிப் படுத்திருப்பது திரை விலகும்போதெல்லாம் தெரிந்தது. உம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். ஆசை இருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி நடந்தார். காலை எட்டரைக்கு அறையில் படுத்தவர் லுஹருக்குத்தான் எழும்பினார். அன்று பின்னேரமே எங்களோடு கடைத்தெருவில் நடந்தார்.

ஈமெயில் வந்திருப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். எங்கள் டிக்கட்டில் ஐந்து பேரும் ஒரே பதிவில் இருந்ததால், ஒருவருக்கு மட்டும் விலை கேட்க வழி இருக்கவில்லை. பதிவைப் பிரித்தால்தான் முடியும் என்றார்கள். வந்த நிபந்தனையில் மேலதிக பெட்டி நிறை சேரவில்லை, முன்பே பதிந்த விசேட சாப்பாடும் ஆசனமும் புதிய வகுப்புக்குத் தானாக வராது என்றும் இருந்தது. ஹலால் சாப்பாடு பதிந்திருப்பவர்கள் மாறினால் திரும்பவும் உறுதிப்படுத்துங்கள். கார்டில் கழிப்பது டொலரில், வங்கியின் மாற்று விகிதமும் கட்டணமும் அதற்கு மேல்.

உம்றாவுக்குப் போகிறவர்களும் கேட்கிறார்கள். அந்தப் பயணத்தின் நோக்கமே வேறு, அதை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை.

முன்னால் இருந்து படம் எடுத்துப் போடுவதற்காக மாறுகிறவர்களும் நம் ஊரில் உண்டு. சொந்தக் காசு, சொந்த ஆசை, அதில் தப்பொன்றும் இல்லை. கடன் கார்டில் மட்டும் வேண்டாம்.

எங்களோடு கல்லூரியில் படித்த ஒரு தாத்தா அடுத்த மாதம் மெல்பேர்னில் மகளிடம் போகிறார். அவருக்கு நாங்கள் சொன்ன பதில் வேறு. பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருப்பு, இரவுப் பயணம், முதுகில் சத்திர சிகிச்சை செய்தவர், தனியாகப் போகிறவர், மகள் காசு கட்டத் தயார். பெரிய விமானமா, ஆசனம் உண்மையாகவே கட்டிலாக விரியுமா என்று மட்டும் பார்க்கச் சொன்னோம். விரியும் என்றால் இரவில் போகும் வழிக்கு மட்டும் விலை கேளுங்கள், பகலில் திரும்பும் வழிக்கு வேண்டாம் என்றோம். நேற்று விலை போட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை.