முதுமை ஒரு காரணமன்று

ஒரு பொருளை வீட்டை விட்டு வெளியேற்றுவதற்கு நம்மவர்க்கு ஒரு சொல் போதும்: "பழசாகிவிட்டது." தையல் இயந்திரமாயினும், மிதிவண்டியாயினும், கணினியாயினும் அச்சொல் வந்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. ஆயின் நின்று எண்ணிப் பார்த்தால், முதுமை என்பது வயதைச் சொல்லும் சொல்லேயன்றி, நோயைச் சொல்லும் சொல்லன்று என்பது விளங்கும். எண்பது வயதுக் கிழவர் இருமினால் ஹக்கீம் நாடியைப் பார்ப்பாரேயன்றிப் பிறந்த ஆண்டைக் கேட்டு அனுப்பிவிடமாட்டார்.

விழுப்புரம் மாவட்டத்து இடையஞ்சாவடியில் நான் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு அரபியும் தமிழும் கற்பித்து வருகிறேன். அங்கே ஒரு மேசைக் கணினி உண்டு. வடக்கே மரக்காணத்து உப்பளக் கரையில், ஒரு வியாபாரியின் கணக்கறையில் பல்லாண்டு உழைத்துவிட்டு, எங்களிடம் சதக்காவாக வந்து சேர்ந்தது அது. 2010ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட இன்டெல் இயந்திரம்; நினைவகம் 2 ஜிபி; அதில் லினக்ஸ் நிறுவித் தந்திருந்தார்கள். பிள்ளைகள் அதில் தமிழ்த் தட்டச்சுப் பழகுவார்கள். வீடுகளில் பாட்டிமார் போற்றி வைத்திருக்கும் அரபுத்தமிழ் ஏடுகளைப் படமெடுத்து அதில் ஏற்றியிருக்கிறோம். மூத்த பிள்ளைகள் அவற்றைத் திரையில் பார்த்துத் தமிழ் எழுத்தில் பெயர்ப்பார்கள்.

சிக்கல் திரையில்தான். சாளரம் ஒன்றைப் பிடித்து நகர்த்தினால், அது நத்தைபோல் கோடிழுத்துக்கொண்டு வரும். பட்டியலைச் சொடுக்கினால், ஒரு பெருமூச்சு விட்ட பின்னரே விரியும். ஏட்டின் பக்கத்தை உருட்டினால் வரிகள் உடைந்து உடைந்து ஏறும். ஒரு பிள்ளைக்குரிய அரைமணியில் கால்மணி காத்திருப்பிலேயே கழிந்துவிடும். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வீடு வீடாகச் சந்தா திரட்டிப் புதியது வாங்கலாம் என்று பேச்செழுந்தது. மாதமோ ஐப்பசி. வடகிழக்குப் பருவமழையில் உப்புப் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். அவற்றில் உழைப்போர்க்குக் கூலியில்லாத காலம். எங்கள் பிள்ளைகளில் சிலருடைய வீடுகள் அத்தகையவை. அந்த வாசல்களில் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் போய் நிற்பதற்கு முன், இயந்திரத்தின் நோய் இன்னதென்றாவது அறிந்துகொள்வது கடமை என்று எனக்குப் பட்டது.

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் ஓதியவர்கள் 'அஸ்ஸப்ர் வத்தக்ஸீம்' என்ற முறையை மறந்திருக்கமாட்டார்கள். ஒரு சட்டத்தின் 'இல்லத்', அதாவது அடிப்படைக் காரணம், எதுவெனத் தெரியாதபோது, காரணமாகக் கூடியவை அனைத்தையும் வரிசைப்படுத்துவது தக்ஸீம். ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தகாதவற்றைத் தள்ளி, எஞ்சி நிற்பதைக் கொள்வது ஸப்ர். இமாம் கஸ்ஸாலி (1058-1111) தம் 'அல்முஸ்தஸ்ஃபா'வில் இதனை விளக்குகிறார். பொறுமையைக் குறிக்கும் ஸப்ர் 'ஸாத்' எழுத்தில் தொடங்கும். இந்த ஸப்ர் 'ஸீன்' எழுத்தில் தொடங்கி, புண்ணின் ஆழத்தை அளந்து பார்த்தல் எனப் பொருள்படும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணினிப் பழுது பார்ப்பவருக்கு இரண்டுமே வேண்டும் என்பதால் அதில் குறையொன்றுமில்லை!

எங்களிடம் ஓதி, இப்போது கல்லூரியில் கணினியியல் பயிலும் மாணவி ஒருத்தி துணைக்கு வந்தாள். காரணங்கள் ஐந்தைத் தாளில் எழுதினோம்: நினைவகம், வட்டு, வெப்பம், திரையின் அலங்காரம், படம் வரையும் சில்லு.

முதலில் நினைவகம். அது நிரம்பிவிட்டால் கணினி வட்டின் ஒரு பகுதியைக் கடனாக எடுத்துக்கொள்ளும். அப்போது எல்லாமே தடுமாறும். கட்டளையிட்டுப் பார்த்ததில் பாதிக்குமேல் காலியாக இருந்தது; கடன் ஏதும் வாங்கப்படவில்லை. எனவே அது குற்றமற்றது. அடுத்து வட்டு. பழைய சுழல்வட்டு மெதுவானதே. ஆயினும் அதன் மந்தம் ஒரு செயலியைத் திறக்கும்போதுதான் தெரியும். திறந்துவிட்ட சாளரத்தை நகர்த்துவதில் வட்டுக்கு வேலையில்லை. அதையும் தள்ளினோம்.

மூன்றாவது வெப்பம். பெட்டியைத் திறந்தால், விசிறியில் தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. உப்புக்காற்று பட்ட இடங்களில் உலோகம் பச்சை பூத்திருந்தது. சூடு அளவு மீறினால் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரிகையால் தூசு நீக்கி, நினைவகத் தகட்டின் முனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்து, செயலகத்தின்மேல் உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினோம். சூடு தணிந்தது; சாளரத்தின் நத்தைநடை மாறவில்லை.

நான்காவது அலங்காரம். நிழல், ஒளி ஊடுருவல், மிதந்து மறையும் அசைவுகள் ஆகியவை இக்காலத் திரைக்கு நகைகள். அவற்றை அணிவிக்கும் வேலைக்கு 'கம்பாசிட்டிங்' என்று பெயர். எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைத்தளத்துக்கு மாறி, அந்த அலங்காரத்தையும் நிறுத்தினோம். ஓரளவு சுகம் கிடைத்தது. பலர் இவ்விடத்தில் நின்றுவிடுவார்கள். ஆனால் நோவு தணிவது வேறு, நோய் தீர்வது வேறு. தாளில் ஐந்தாவது பெயர் இன்னும் விசாரிக்கப்படாமல் இருந்தது.

"ஹஜ்ரத், படத்தை வரைவது யாரென்று கணினியையே கேட்டுவிடலாம்" என்றாள் மாணவி. 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' என்னும் கட்டளையை இட்டாள். வரைபவர் பெயருக்குரிய வரியில் இன்டெல் சில்லின் பெயர் வரவில்லை. 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தது. அதன் பொருள், படம் வரைவதற்கென்றே உள்ள சில்லு சும்மா இருக்க, செயலகமே ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு வரைகிறது என்பதாம். ஓவியனை வாசலில் உட்கார வைத்துவிட்டு, கணக்கப்பிள்ளையிடம் தூரிகையைக் கொடுத்தால் கணக்கும் தவறும், சித்திரமும் தாமதப்படும் அன்றோ?

ஏன் அப்படி? கணினி விழித்தெழும்போது கர்னலுக்குச் சொல்லப்படும் கட்டளை வரியில் விடை கிடந்தது: 'நோமோட்செட்' என்ற ஒரு சொல். திரையின் அளவையும் அமைப்பையும் நிருவகிக்கும் பொறுப்பை, இன்டெல் சில்லுகளுக்கு, 2009இல் வெளிவந்த 2.6.29ஆம் பதிப்பு முதல் லினக்ஸ் கர்னலே ஏற்றுக்கொண்டது. அப்பொறுப்பை ஏற்காதே என்று தடுப்பது அந்தச் சொல். சில இயந்திரங்களில் லினக்ஸை நிறுவும்போது திரை இருண்டுவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் அச்சொல்லைச் சேர்ப்பார்கள். நிறுவி முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். இங்கே அது நீக்கப்படாமல் நிலைத்துவிட்டது. ஷரீஅத்தில் ருக்ஸத் என்னும் சலுகையை அறிவோம். பயணி தொழுகையைச் சுருக்கிக் கொள்ளலாம். ஊர் திரும்பியபின் சலுகை தொடராது. இந்தக் கணினியோ வீடு வந்து பல ஆண்டுகளாகியும் பயணியாகவே இருந்திருக்கிறது.

'க்ரப்' என்னும் துவக்கியின் அமைப்புக் கோப்பில் அந்த ஒரு சொல்லை நீக்கி, துவக்கியைப் புதுப்பித்து, மறுபடி இயக்கினோம். மீண்டும் கேட்டபோது இன்டெல் சில்லின் பெயரே விடையாக வந்தது. சாளரம் கையோடு நகர்ந்தது. ஏட்டின் வரிகள் உடையாமல் ஏறின. அல்ஹம்துலில்லாஹ்! செலவு ஒரு தூரிகையும் சிறு குழாய்ப் பசையும்தான்.

இந்த விசாரணை இயன்றதற்கு, லினக்ஸ் திறந்த ஏடாக இருப்பது ஒரு பெருங்காரணம். 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், அடிக்கடி தாள் சிக்கும் ஓர் அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அறிவைப் பூட்டி வைப்பதை எதிர்த்து 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கர்னல் அதனோடு சேர்ந்தது. லினக்ஸில் முப்பரிமாணப் படம் வரையும் 'மேசா' நூலகத்தை 1993இல் பிரையன் பால் தொடங்கினார். விற்பனையிலிருந்து என்றோ மறைந்துவிட்ட பழைய இன்டெல் சில்லுகளுக்காக 2021இல் அதே நூலகத்தில் 'க்ரோக்கஸ்' என்ற புதிய இயக்கி சேர்க்கப்பட்டது. அதனால் அந்நிறுவனத்துக்குப் புதிய சில்லு ஒன்றும் விற்கப்போவதில்லை. உடையவன் கைவிட்ட கிணற்றைத் தூர்வாரி, வழிப்போக்கர்க்கு விடுவதற்கு ஒப்பான பணி இது. கற்றதை மறைக்காமல் கொடுப்பதன் சிறப்பை நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா முதுமையையும் இவ்வாறு வெல்ல முடியும் என்று நான் சொல்லவில்லை. இக்கால இணையப் பக்கங்கள் பல, 2 ஜிபி நினைவகத்தை ஒரே விழுங்கில் விழுங்கிவிடும். நிறுவனம் மட்டுமே எழுதிப் பூட்டிவைத்த இயக்கியை நம்பியிருக்கும் சில்லாயின், அந்நிறுவனம் கைவிட்டதும் வழி குறுகிவிடும். இவை ஆராய்ந்தபின் தெரியவரும் காரணங்கள். ஆராயாமல் தரும் தீர்ப்புக்கும் ஆராய்ந்தபின் தரும் தீர்ப்புக்கும் முடிவு ஒன்றாகவே இருந்தாலும் மதிப்பு ஒன்றாகாது.

வாசக அன்பர்களே! தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் நம் வீட்டுப் பீரோக்களில் உறங்குகின்றன. அவற்றுள் பலவற்றில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் மாவட்டத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறார்கள். பீரோவைத் திறந்து பாருங்கள். மின்கலம் உப்பியிருந்தால் இயக்காதீர்கள்; நன்றாயிருந்தால், கற்ற பிள்ளை ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு ஐந்து பெயர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் உறங்கும் இயந்திரம் தன் வேலையைச் செய்ய அனுமதிக்கப்படாமல்கூட இருக்கலாம்.