எம் தமக்கையாரின் தொழில்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்பது நம்மவர் பழமொழி. எம் இல்லத்திலோ அப்பழமொழி பொய்யாயிற்று. எந்தையார் 2020-ஆம் ஆண்டில் நோயுற்றுத் தம் தொழிலை விட்ட பின்னர்க் குடும்பத்தைத் தாங்கி வருபவர் எம் தமக்கையாரே. அவர் செய்யுந் தொழிலுக்கு மெடிக்கல் கோடிங் என்று பெயர். தொல்காப்பியம் பயிலும் செருக்கினால் யாம் அதனை ஒரு பொருளாக மதித்திலோம். உடன் பயில்வார் வினவியபோதெல்லாம், "சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறார்" என்று மட்டும் கூறி அப்பாற் சென்றோம். அந்நாணம் எம்மை விட்டகன்ற வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தொழிலின் இயல்பை முதற்கண் கூறுதல் முறை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவர் வைத்தியரிடம் சென்றால், வைத்தியர் தாம் கண்டதையும் செய்ததையும் எழுதி வைப்பர். அதற்குரிய பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டுமாயின், நோயும் சிகிச்சையும் குறியீடுகளாக மாற்றப்படல் வேண்டும். நோய்க்கு உரியது ஐ.சி.டி. என்னும் தொகுதி, வைத்தியரின் செயலுக்கு உரியது சி.பி.டி. என்னும் தொகுதி. காரணம் புலப்படாத மிகு இரத்த அழுத்தம் 'ஐ10' ஆகும். சிக்கலற்ற இரண்டாம் வகை நீரிழிவு 'இ11.9' ஆகும். முன்னைய தொகுதி, 1893-இல் பெர்த்தில்லோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அளித்த மரண காரணப் பட்டியலினின்று கிளைத்தது. 1948-இல் அதன் ஆறாந் திருத்தம் முதலாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொறுப்பில் வந்தது. பின்னையதை அமெரிக்க வைத்தியச் சங்கம் 1966-இல் வெளியிட்டது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கர் ஐ.சி.டி.யின் பத்தாந் திருத்தத்தைக் கைக்கொண்டபோது, ஏறக்குறைய 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 69,000 அளவிற்குப் பெருகின. முறிந்தது இடக்கையோ வலக்கையோ, வந்தது முதற் சிகிச்சைக்கோ தொடர் சிகிச்சைக்கோ என்பதெல்லாம் குறியீட்டிலேயே அடங்கும். இவ்வேலையைச் செய்வோர் சென்னையில் மிகப் பலர்.

தமக்கையார் 2021-இல் விலங்கியலிற் பட்டம் பெற்றார். "பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி" என்று விளம்பரஞ் செய்த ஒரு பயிற்சிக் கூடத்தில் அவரைச் சேர்த்தற்கு, அன்னையார் தம் சங்கிலியை அடகு வைத்தார். மூன்று திங்கள் கழிந்தன, ஒரு சான்றுத் தாள் கிடைத்தது, வேலை கிடைத்திலது. கேட்கச் சென்றபோது, "உறுதி என்றது முயற்சிக்கே" என்று விடை வந்தது. அன்று இல்லத்தில் ஒருவரும் உணவு கொண்டிலர்.

மறுநாள் அவர் தம் பழைய உடற்கூற்று நூலை எடுத்தார். 'கார்டியோ' இருதயம், 'ஐட்டிஸ்' அழற்சி, 'எக்டமி' அறுத்து நீக்குதல் என்று, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுதி எழுதிப் பயின்றார். ஐந்து கம்பெனிகள் பேட்டிக்கு அழைத்துத் திருப்பி விட்டன. ஆறாவது, 2022-இல், சிறு சம்பளத்தில் பயில்வோராக ஏற்றது. பின்னர் சி.பி.சி. என்னும் பரீட்சைக்கு முயன்றார். நூறு வினாக்கள், நான்கு மணி நேரம். தேறுதற்கு நூற்றுக்கு எழுபது வேண்டும். குறியீட்டு நூல்களை உடன் கொண்டு செல்லலாம். ஆயினும் எங்கே தேடுவது என்று அறியாதார்க்கு நூலிருந்தும் பயனில்லை. முதன்முறை தோற்றார், 2024-இல் தேறினார்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் வந்திருந்தபோது, "அக்கா, எண் எழுதுவதற்கா இத்தனை பாடு?" என்று நகைத்தோம்.

அவர் சினந்திலர். "தம்பி, பெயரும் ஊரும் கேளாதே, அவற்றைச் சொல்ல எனக்கு உரிமையில்லை" என்று தொடங்கினார். நோயாளிகளின் மறைகளைக் காக்க 1996-இல் அமெரிக்கர் இயற்றிய சட்டம் ஒன்று உண்டாம். அதன் பொருட்டு, அவர் அமரும் இடத்திற்குக் கைப்பேசியோ எழுதுகோலோ கொண்டு செல்லல் ஆகாதாம். "முதல் ஆண்டில், படுக்கையில் சேராது வந்து போன ஒருவரின் குறிப்பில், 'இருமல், காய்ச்சல், நிமோனியாவாக இருக்கலாம்' என்று வைத்தியர் எழுதியிருந்தார். நான் நிமோனியா என்றே குறியிட்டேன். புறநோயாளிக்கு, ஐயுற்ற நோயை உற்ற நோயாகக் குறித்தல் கூடாது. இருமலையும் காய்ச்சலையுமே குறித்தல் வேண்டும். தணிக்கை செய்பவர் கண்டு திருத்தினார். அவர் காணாவிடில், என்றும் முகமறியா ஒருவரின் ஏட்டில், அவருக்கு வாராத நோயை நான் எழுதியிருப்பேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை."

சற்றுப் பொறுத்து, "உன் புறநானூற்றில் பாட்டின்கீழ்த் திணையும் துறையும் குறித்திருக்குமே, பாட்டில் இல்லாததைக் கொண்டு நீ துறை கூறுவாயா?" என்றார்.

யாம் வாய் திறந்திலோம். அப்பருவத் தேர்வில் பாட்டை முற்றும் படியாது ஊகத்தால் ஒரு துறை எழுதி, ஆசிரியரின் சிவப்பு மையைப் பெற்றிருந்தோம். அவர் அறியாது கேட்டது எம்மைச் சுட்டது.

அன்று, "யானும் படிப்பை விட்டு இதற்கே வருகின்றேன், நீ ஒருத்தியே சுமப்பதா?" என்றோம். அவர் இசைந்திலர். "உயிரியல் பயின்றோரையே முதலில் அழைக்கின்றனர்; இப்போது இயந்திரங்களே குறியீடுகளை எடுத்துக் காட்டுகின்றன; அவற்றின் பிழையைக் காண வல்லார்க்கே இனி இடம். இரக்கத்தால் வருபவனுக்கு அன்று. தொடங்கியதை நன்றாய் முடி" என்றார்.

விலங்கியல், தாவரவியல் பயிலும் நண்பர் சிலர் இத்தொழிலைப் பற்றி எம்மை வினவுகின்றனர். தமக்கையார் கூறியவற்றையே அவர்க்கும் கூறுகின்றோம்: உடற்கூற்றையும் ஆங்கிலத்தையும் இப்போதே ஊன்றிக் கற்மின், வேலையை உறுதி கூறிப் பணங் கேட்பாரை நம்பன்மின், முதற் சம்பளம் சிறிதாயினும் அனுபவத்தைப் பெறுமின், அனுபவமின்றிப் பரீட்சையில் தேறினார்க்குப் பட்டத்தின் ஈற்றில் பயில்நிலை காட்டும் ஓர் எழுத்து ஒட்டியே இருக்கும். பயில்வோர் குறியிடுவோராகவும், அவர் தணிக்கையாளராகவும் உயர்தல் இத்தொழிலின் படிமுறை. தமக்கையார் இவ்வாண்டு தணிக்கைக்கு உயர்ந்துள்ளார்; பிறர் பிழையைத் திருத்துங்கால் தம் பழம்பிழையை நினைவதாகக் கூறுகின்றார்.

அடகிலிருந்த சங்கிலி மீண்டது. கிறிஸ்துமஸ் அன்று அன்னையார் அதனை அணிந்து ஆலயத்திற்கு வந்தார். வாயிலில் ஒரு பெரியவர், "உன் அக்காள் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று எம்மை வினவினார். இம்முறை தொழிலின் பெயரையே கூறினோம்; அவர் பொருள் கேட்க, ஆராதனை மணி ஒலிக்கும்வரை நின்று விளக்கினோம்.