ஓணானும் தைமஸும்

மார்பெலும்புக்கு நேர் பின்னால், இதயத்துக்குக் கொஞ்சம் மேலே தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. குழந்தைகளுக்கு நன்றாகப் பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போகும். நம் வயதுக்காரர்களுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் கொழுப்புதான் மிச்சம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தச் சுரப்பி சாப்பாட்டுச் சமாசாரமாகத்தான் அறிமுகம். 'ரீ த வோ' என்று பிரெஞ்சுக்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் ஒரு பண்டம் உண்டு. கன்றுக்குட்டியின் தைமஸ்தான் அது. கன்று வளர்ந்து மாடாவதற்குள் அது சுருங்கிவிடும் என்பதால், கன்றிலும் ஆட்டுக்குட்டியிலும்தான் எடுப்பார்கள். கசாப்புக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த உடற்கூறு இது. ஆனால் அந்தச் சுரப்பி என்ன வேலை செய்கிறது என்பது டாக்டர்களுக்கே 1961 வரை தெரியாது.

எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயர் நுழைந்தது 2017-ல். என் மனைவிக்கு அப்போது 61 வயது. காலையில் நன்றாக இருப்பாள். சாயங்காலமானால் ஒரு கண் இமை தொங்கிவிடும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சப்பாத்தியைப் பாதி மென்றதும் தாடை அசந்துபோகும். 'வயசாகிறது, வேறென்ன' என்று இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர், மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் கட்டியை வைத்து எடுத்தார். இமை மேலே ஏறி நின்றது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மையஸ்தீனியா கிராவிஸ். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை, உடம்பின் காவல் படையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதி.

மாத்திரை கொடுத்தார்கள். தைமஸை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் பல நாடுகளில் 126 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியாகியிருந்தது. தைமஸை எடுத்தவர்களுக்கு மூன்று வருஷத்தில் பலவீனம் குறைந்தது, ஸ்டீராய்டும் குறைவாகத் தேவைப்பட்டது என்பது அதன் முடிவு. ஆபரேஷன் செய்கிற டாக்டர், "இந்த வயசுல அதால ஒரு உபயோகமும் இல்லைம்மா, தைரியமா எடுத்துக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் இவள் கேட்டாள்: "உபயோகமே இல்லாத ஒண்ணையா அறுபது வருஷமா நெஞ்சுல சுமந்துட்டு இருந்தேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் குடியிருப்பில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். ஆரிய கவுடா ரோட்டில் காய்கறி வாங்கப் போகும்போது அவரிடம் கேட்டேன். அயோத்தியா மண்டபம் வரை நடந்துபோய்த் திரும்பும் நேரத்தில் அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு எல்.டிஸ்., ஆர்.டிஸ். எல்லாம் தெரியும். எல்.டிஸ். போட்ட காகிதம் ஒரு வருஷத்தில் கழிவுக்குப் போய்விடும். ஆர்.டிஸ். நிரந்தரம். மருத்துவ உலகம் தைமஸுக்கு எல்.டிஸ். போட்டு வைத்திருந்தது. காரணம் எளிது. வளர்ந்த எலியில் அதை எடுத்துப் பார்த்தார்கள். எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி, தேவையில்லாத உறுப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். போன நூற்றாண்டின் முதல் பாதியில் மேல்நாடுகளில் இதைவிட மோசம். கைக்குழந்தைக்கு இயல்பாகவே பெரிதாக இருக்கும் தைமஸை நோய் என்று நினைத்து, எக்ஸ்ரே பாய்ச்சிச் சுருக்கினார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டில் புற்றுநோய் வந்தது.

1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளைஞர், பிறந்த உடனேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். இவர் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் பிறந்தவர். குஞ்சுகள் முதலில் நன்றாக இருந்தன. சில வாரங்களில் மெலிந்து, தொற்று வந்து செத்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட அவற்றின் உடம்பு எதிர்க்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, தைமஸ் ஒரு பயிற்சிப் பள்ளிக்கூடம் என்று. வெள்ளணுக்களில் ஒரு பிரிவு அங்கே போய், எது நம் உடம்பு, எது வெளியிலிருந்து வந்தது என்று கற்றுக்கொண்டு வெளியே வருகிறது. டி செல் என்பதில் உள்ள 'டி' தைமஸைக் குறிக்கும் எழுத்துதான். வளர்ந்த எலிக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அதன் டி செல்கள் ஏற்கெனவே படிப்பை முடித்திருந்தன.

மில்லர் சொன்னதைப் பெரிய பெரிய விஞ்ஞானிகள்கூட உடனே நம்பவில்லை. பாலூட்டிகளில் மட்டும்தானா, மற்ற பிராணிகளிலும் இப்படித்தானா என்ற கேள்வியும் இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் முத்துக்கருப்பனும் அவருடைய மாணவர்களும் இதை ஓணானிடம் கேட்டார்கள். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரிப்போம். இவர்கள் உண்மையாகவே அதை எடுத்து ஆய்வகத்தில் விட்டுக்கொண்டார்கள்.

ஓணான் நல்ல தேர்வு. பறவைக்கும் பாலூட்டிக்கும் முந்தைய தலைமுறை ஊர்வன. முட்டைக்குள் வளருவதால், தைமஸ் எப்போது உருவாகிறது என்று நாள்வாரியாகப் பார்க்கலாம். செலவும் இல்லை. ஆட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களை ஊசியில் ஏற்றி, ஓணானின் உடம்பு எப்படி எதிர்க்கிறது என்று கணக்கெடுத்தார்கள். தைமஸை எடுத்தும், மண்ணீரலை எடுத்தும் பார்த்தார்கள். மண்ணீரலில் சில பகுதிகள் தைமஸை நம்பியே இருக்கின்றன என்று காட்டினார்கள். நாம் சிறுவயதில் கல்லால் அடித்த ஓணானுக்குள்ளும் அதே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது!

முத்துக்கருப்பன் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ராபர்ட் ஆவர்பாக்குடன் சேர்ந்து, எலியின் கருவிழியில் ரத்தக் குழாய்கள் முளைப்பதைப் பற்றி 1979-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். பிற்காலத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சி நிலையத்தில் கருவிழியின் மூல செல்களை ஆராய்ந்தார். ஓணான் வேலையில் அவருடன் இருந்த பிச்சப்பன், காசநோய் சிலருக்கு வருவதற்கும் சிலருக்கு வராததற்கும் பரம்பரைக் காரணம் உண்டா என்று தென் தமிழ்நாட்டு மக்களிடம் தேடினார். மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து நடந்து வந்த பாதையைத் தேடும் நேஷனல் ஜியாகிரஃபிக் திட்டம் 2005-ல் தொடங்கியபோது அதிலும் பங்கேற்றார். ஓணானில் ஆரம்பித்த வேலை எங்கெங்கோ போயிருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் விசித்திரமான மாணவர்கள் இருப்பது பிறகு தெரியவந்தது. இயற்கைக் கொல்லி டி செல் என்று ஒரு வகை. சாதாரண டி செல் புரதத் துண்டைப் பார்த்து எதிரியை அடையாளம் காணும். இது கொழுப்பைப் பார்த்து அடையாளம் காணும், சட்டென்று வேலையில் இறங்கும். ஜப்பானில் மசாரு தனிகுச்சியின் குழு 1986-ல் இதன் தடயத்தைக் கண்டது. இதைத் தூண்டுகிற பொருள் எது என்று அவர்கள் சொன்னது 1997-ல்தான். அந்தப் பொருளின் மூலம், ஒகினாவா கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சு. அதை ஆராய்ந்து எடுத்தது கிரின் என்ற பீர் கம்பெனி! ஒரு தடயத்துக்கும் ஒரு விடைக்கும் நடுவே பதினொரு வருஷம். ஒரு செல்லுக்காக ஒரு மனிதர் ஆயுளையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஒன்றரை வருஷத்தில் ஸ்டீராய்டு பாதியாகக் குறைந்தது. 2023-ல் என் மகன் ஒரு செய்தியை அனுப்பினான். பாஸ்டனில், ஏதோ காரணத்துக்காக நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். தைமஸை எடுத்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். எடுக்காதவர்களில் மூன்று பேருக்கும் குறைவு. புற்றுநோயும் இரண்டு மடங்கு. சுருங்கின பிறகும் அந்தச் சுரப்பி கொஞ்சம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறதாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவளிடம் சொல்லவும் மனசு வரவில்லை. மறுநாள் அவளே மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர் மழுப்பாமல் பேசினார். "வியாதிக்காக எடுக்கறது வேற, வேற ஆபரேஷன்ல வழியில இருக்கேன்னு எடுக்கறது வேற. உங்களுக்கு அதை எடுத்ததால கிடைச்ச நன்மை கண்ணுக்குத் தெரியுது. ஆனா உபயோகமில்லாததுன்னு இனிமே யாரும் சொல்லக்கூடாது. வருஷா வருஷம் செக்கப் பண்ணிக்குங்க" என்றார். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது இவள், "அப்ப உபயோகமானதைத்தான் சுமந்திருக்கேன்" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வயதாகிவிட்டது, இனி என்ன உபயோகம் என்று நம்மில் பலர் நம்மைப் பற்றியே சொல்லிக்கொள்கிறோம். சின்ன வயதில் தைமஸ் பயிற்சி கொடுத்த செல்களின் வழிவந்தவைதான் இன்றும் நம்மைக் காக்கின்றன. எல்.டிஸ். போடுவதற்கு முன் ஃபைலை ஒரு தடவை முழுக்கப் படிக்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சாயங்காலமானால் இமை தொங்கினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், மெல்லும்போது தாடை அசந்தால், வயசு என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பிலிருந்து எதையாவது எடுக்கிறேன் என்று யார் சொன்னாலும், எடுப்பதால் கிடைப்பது என்ன, போவது என்ன என்று இரண்டையும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.