கஞ்சிவெள்ளம் வெள்ளமா?

ஆரியங்கோட்டில் தண்ணீருக்கு வெள்ளம் என்றே பெயர். எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வீடுகளிலும் அதுவே பெயர். 1956 நவம்பர் 1 அன்று அவ்விரு வட்டங்களும் தோவாளை, அகஸ்தீஸ்வரத்துடன் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. நிலத்தைப் பிரித்தவர்களால் சொற்களைப் பிரிக்க இயலவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் முன்போலவே தொடர்ந்தன. நோய் வந்தால் திருவனந்தபுரத்துக்கு ஓடுவதும் அப்படித்தான்.

ஆரியங்கோட்டைச் சேர்ந்த ஒரு செவிலியர் தலைநகரின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், அறுவைச் சிகிச்சைப் பிரிவில், புதிதாக வரும் செவிலியருக்குப் பயிற்சி அளிக்கிறார். ஐம்பதைக் கடந்தவர். தாய்வழி உறவுகள் குமரி மாவட்டத்தில் இருப்பதால் இரு மொழிகளும் அவருக்கு வீட்டு மொழிகள். புதியவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடம் கத்திகளையோ கட்டுத்துணிகளையோ பற்றியதன்று. வெறும் வயிற்றைப் பற்றியது.

மயக்கமருந்து கொடுத்தபின் விழுங்குவதையும் இருமுவதையும் காக்கும் அனிச்சைச் செயல்கள் அடங்கிவிடுகின்றன. அப்போது இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால், எளிய குடலிறக்க அறுவைக்கு வந்த குழந்தையும் செயற்கைச் சுவாசக் கருவிக்குப் போக நேரலாம். ஆகையால் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தெளிந்த நீர்மங்களுக்கு இரண்டு என்று இடைவெளி வைத்தார்கள். அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் கடைசி இடைவெளியை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டனர். குழந்தை தாகத்தால் வாடக் கூடாதல்லவா. எண்கள் எளியவை. அவற்றைத் தாயிடம் கொண்டுசேர்க்கும் சொற்களே எளியவையல்ல.

மலையாளத்தில் பட்சணம் என்றால் உணவு, எந்த உணவாயினும். தமிழிலோ அது முறுக்கும் அதிரசமும். ஒருமுறை நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அறுவை அரங்கின் வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்கள். குறிப்பேட்டில் 'பட்டினி' என்று பதிவாகியிருந்தது. பயிற்றுநர் வழக்கம்போல் தாயிடம் இன்னொருமுறை கேட்டார்.

"பட்சணம் ஒண்ணும் குடுக்கல்ல சிஸ்டர். காலத்த கொஞ்சம் சோறு மட்டும்தான்."

"எப்ப குடுத்த மக்களே?"

"ஆறு மணி இருக்கும்."

அப்போது மணி எட்டரை. அறுவை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. ரப்பர் வெட்டுக்குப் போகும் தந்தைக்கு இன்னொரு நாள் கூலி போயிற்று. முந்தைய இரவு கேள்வி கேட்ட இளஞ்செவிலியர் கோட்டயத்துக்காரர். பிழையற்ற மலையாளத்தில்தான் கேட்டிருந்தார். தாயும் உள்ளபடியே விடை சொல்லியிருந்தார். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் கவனக்குறைவாக இருக்கவில்லை. மொழியியல் வகுப்புகளில் போலி நட்புச் சொற்கள் என்று புன்னகையோடு கற்பிக்கப்படுவது இங்கே ஒரு குழந்தையின் மூச்சுக்குழல்வரை வந்து நின்றது.

கஞ்சிவெள்ளம் இதனினும் நுட்பமான சிக்கல். 'வெள்ளம் மட்டும் கொடுக்கலாம்' என்று சொன்னால், பெயரிலேயே வெள்ளம் இருக்கும் கஞ்சிவெள்ளத்தைத் தாய் கொடுப்பதில் என்ன தவறு? ஆனால் மாவுச்சத்து கலங்கிய அந்நீர் தெளிந்த நீர்மங்களின் கணக்கில் வராது. இந்தக் குழப்பத்துக்கு எல்லையைக்கூடக் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரே மொழிக்குள்ளும் நேரக்கூடியது. தாய்ப்பாலின் கதையும் அதுவே. 'ஒன்றும் கொடுக்கவில்லை' என்று சொல்லும் தாயின் கணக்கில் முலைப்பால் பெரும்பாலும் சேர்வதில்லை. அது அவளுக்கு உணவன்று, அழுகைக்கு ஆறுதல்.

எனவே, பயிற்றுநர் தம் மாணவியரை 'பட்டினியா?' என்று கேட்க விடுவதில்லை. கடைசியாகக் குழந்தையின் வாய்க்குள் போனது என்ன, அப்போது மணி என்ன என்று கேட்கச் சொல்கிறார். சோறு, மரச்சீனி, பிஸ்கட், பால், முலைப்பால், கஞ்சிவெள்ளம், சாயா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகு, புரிந்ததா என்று வினவாமல், தாயையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். 'புரிந்ததா' என்ற கேள்விக்கு நம் ஊர்களில் 'ஆம்' என்பதைத் தவிர வேறு விடை கிடையாது. அது மரியாதையின் விடை, அறிவின் விடையன்று.

அவரிடம் நீள்கட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. இடப்புறம் சொல், வலப்புறம் அது யார் காதில் எப்படி விழும் என்ற குறிப்பு. 'வலி' என்ற சொல் அதில் இரு பக்கங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்த் தாய் 'பிள்ளைக்கு வலிக்கிறது' என்றால் நோவு. மலையாளத்திலோ வலிப்பது இழுப்பது. வலிவு என்றால் மூச்சிரைப்பு. அவசரம் என்பது தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. எந்த ஆய்வேட்டுக்கும் தரவாகத் தகுந்த நோட்டு அது. தரவாக எண்ணி அவர் எழுதவில்லை என்பதே அதன் தரம்.

சொல்லே இல்லாத குழந்தைகளுக்கு வேறு வழி. முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்னும் ஐந்துக்கும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பெண் இடும் 'ஃப்ளாக்' அளவுகோல் 1997இல் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புவரை பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி இல்லாமலே அறுவை செய்யும் வழக்கம் மேலைநாடுகளிலேயே பரவலாக இருந்தது. கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய மருத்துவர் ஆக்ஸ்போர்டில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. பச்சிளங்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று படித்தவர்கள் நம்பிய காலத்தில் எந்தப் பாட்டியும் அதை நம்பியிருக்கமாட்டாள்.

மருந்துக் கணக்கில் மட்டும் அவர் கடுமையானவர். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம் பாராசிட்டமால். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஏழரை மில்லி. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டுமருந்து என்றால் 1.8 மில்லி. சிரப்பின் அளவைச் சொட்டுமருந்தில் எடுத்தால் 750 மில்லிகிராம், நான்கு மடங்குக்கு மேல். வீடு திரும்பும் தாயின் கையில் எந்தப் புட்டி இருக்கிறது என்று பார்க்காமல் எவரும் கையெழுத்திடக் கூடாது. பெயர் ஒன்றே என்பதால் மருந்தும் ஒன்றே என்றாகிவிடாது. இங்கும் அதே நோய்தான்.

கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர் பத்தாண்டுகளில் 8,988 குழந்தைகளுக்குப் புறநோயாளிப் பிரிவிலேயே அறுவை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பியதை 1909இல் அறிவித்தார். குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பதே நலம் என்பது அவர் நம்பிக்கை. செவிலியர் வீடுகளுக்குச் சென்று பார்த்துவந்தனர். தாயைச் செவிலியாக்கும் இந்த வழி தென் திருவிதாங்கூருக்கும் அந்நியமன்று. நெய்யூரில் 1838இல் தொடங்கிய மிஷன் மருத்துவப் பணியும், எவரெஸ்ட் ஏறச் சென்றவரான சாமர்வெல் அங்கே அறுவை மருத்துவராகக் கழித்த ஆண்டுகளும் இப்பகுதி முதியோர் பேச்சில் இன்னும் இருக்கின்றன. காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பயிற்றுநரின் பணியாணையில் பயிற்றுநர் என்ற சொல் இல்லை. வார்டு வேலை முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில்தான் இத்தனையும். குமரியிலிருந்து வரும் தாய்மாரில் பலர் மலையாளம் பேசுவர். எழுத்து படிக்கத் தெரியாது. அச்சிட்ட அறிவுறுத்தல் தாள் மலையாளத்தில் மட்டுமே இருப்பதால், அதன் பின்புறத்தில் அவர் தமிழில் கையால் எழுதி ஒளிநகல் எடுத்துக் கொடுக்கிறார். செலவு அவருடையது. சென்ற ஆண்டு அதில் ஒரு வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'இரவு பன்னிரண்டு மணிக்குமேல் சோறு, கஞ்சி, கஞ்சிவெள்ளம், பால், சாயா எதுவும் வேண்டாம். முலைப்பாலும் பச்சைவெள்ளமும் எத்தனை மணிவரை கொடுக்கலாம் என்று சிஸ்டரிடம் கேட்டு இங்கே எழுதிக்கொள்க.' அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து இடம் விட்டிருக்கிறார்.