பை சுட்டாச்சு, எங்கே வைக்கிறது?

முதலில் ஒரு விளக்கம். பை என்றதும் மஞ்சப் பை, ஜவுளிக்கடைப் பை எல்லாம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை :-) இது தின்கிற பை. வட்டத் தட்டில் மைதாவும் வெண்ணெயும் பிசைந்த மாவைப் பரப்பி ஓடு மாதிரி செய்து, உள்ளே பூரணத்தை ஊற்றி ஓவனில் சுடுவார்கள். பூரணம் என்னவென்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்கிற கிழங்குதான், இங்கே உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும். அதை மசித்து முட்டை, டின் பால், சர்க்கரை, வெண்ணெய், ஜாதிக்காய், பட்டைத்தூள் சேர்த்துக் கலக்கினால் பூரணம் தயார்.

அமெரிக்காவில் நவம்பர் நாலாவது வியாழக்கிழமை தாங்க்ஸ்கிவிங். வடக்கே அன்றைக்குப் பூசணிப் பை. தெற்கே, அதிலும் கறுப்பினக் குடும்பங்களில், சர்க்கரைவள்ளிப் பை இல்லாமல் அந்தச் சாப்பாடு முடியாது. ஏபி ஃபிஷர் என்று ஓர் அம்மையார் இருந்தார். அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி 1881-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சமையல் புத்தகம் வெளியானது. அதிலேயே இந்தப் பை இருக்கிறது, ஆரஞ்சுச் சாறு பிழிந்து. அலபாமாவில் டஸ்கிகீ கல்லூரியில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் (வேர்க்கடலைக்காரர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்போமே, அவரேதான்) விவசாயிகளுக்காகச் சர்க்கரைவள்ளி பற்றித் தனிக் கையேடே போட்டார். நான் படிக்கிற வட கரோலினாதான் இந்த நாட்டிலேயே இந்தக் கிழங்கு அதிகம் விளைகிற மாநிலம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பை சுடுவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புதன்கிழமை ராத்திரி சுட்ட பையை வியாழன் சாயங்காலம் தட்டில் வைக்கிற வரைக்கும் என்ன செய்வது என்றால் பாதிப் பேர் ஒன்றும் சொல்வதில்லை. மீதிப் பேர் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்தப் பதினெட்டு மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று 2023 நவம்பரில் ஒரு சமையலறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி வீடு. வருஷா வருஷம் ஊருக்குப் போக முடியாத என்னைப் போன்றவர்களையும் கூப்பிடுவார்கள். நான் முட்டை மட்டும் தின்கிற சைவம். கீரையில்கூடப் பன்றி எலும்பு போட்டு வேகவைக்கிற மேசையில் எனக்கு உரிமையுள்ள பதார்த்தங்கள் ரொம்பக் குறைவு. பாட்டி முதல் வருஷமே அதைக் கவனித்துவிட்டு, பை ஓட்டில் பன்றிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் போட ஆரம்பித்தார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. எழுபத்தெட்டு வயதில் கை வந்த பக்குவத்தை மாற்றுவது சின்ன விஷயமா?

அந்த வருஷம் தோழியின் அம்மாவுக்குக் கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்த நேரம். நமக்கு ஒரு நாள் வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகிற கிருமி, அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். சாப்பாட்டில் ஜாக்கிரதை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவோ பல வாரமாக எதுவும் வாய்க்குப் பிடிக்காமல், கேட்டது ஒன்றே ஒன்று. பாட்டி கைப் பை ஒரு துண்டு.

பாட்டியின் வழக்கம் என்னவென்றால், எல்லாச் சமையலும் முடிந்தபின் ராத்திரி பதினொரு மணிக்கு ஆறு பை சுடுவார். சமையல் மேடையில் வரிசையாக வைத்து, வெள்ளைத் துணி மூடிவிட்டுப் படுக்கப் போவார். மறுநாள் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். அறுபது வருஷமாக இப்படித்தான், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"இந்தத் தடவை ஃப்ரிட்ஜில் வைக்கலாம் கிராண்ட்மா" என்று தோழி மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். பாட்டியிடம் மூன்று பதில் தயாராக இருந்தது. ஒன்று, இவ்வளவு சர்க்கரை போட்டது எப்படிக் கெடும்? இரண்டு, கடையில் பையை மேஜை மேலேதானே அடுக்கி விற்கிறார்கள்? மூன்று, ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓடு நமுத்துப்போகும்.

முதல் பதில் நம் பாட்டிகளும் சொல்வதுதான். ஆனால் அதிரசமும் இனிப்பு, பால் பாயசமும் இனிப்பு. அதிரசம் டப்பாவில் வாரக்கணக்கில் கிடக்கும். மத்தியானம் வைத்த பாயசம் மறுநாள் காலை வரை தாங்குமா? வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. பையின் பூரணத்தில் பாலும் முட்டையும் ஈரமும் பாயசம் மாதிரியே இருக்கின்றன. அதில் போடுகிற சர்க்கரை கிருமியைத் தடுக்கிற அளவு இல்லை. இரண்டாவது பதிலுக்கும் விளக்கம் உண்டு. வெளியே அடுக்கி விற்கிற கடைப் பைகளில் கெடாமலிருக்க ரசாயனம் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். வீட்டுப் பையில் அது கிடையாது, அதனால்தானே அதற்கு அந்த ருசி! மூன்றாவது பதில் மட்டும் முழுக்க உண்மை. ஓடு கொஞ்சம் நமுக்கத்தான் செய்யும். அதற்கு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிற கணக்கு எளிமையானது. முட்டையும் பாலும் சேர்ந்த பை, நடுவில் 160 டிகிரி பாரன்ஹீட் (71 செல்சியஸ்) வரை வேக வேண்டும். அதற்குப்பின் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 40 டிகிரிக்கும் (4 செல்சியஸ்) 140 டிகிரிக்கும் (60 செல்சியஸ்) நடுவில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், இருபது நிமிஷத்தில்கூட இரட்டிப்பாகும். திரும்பச் சுடவைத்தால் போச்சு என்பதும் சரியில்லை. சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு சூட்டில் அழியாது. பதினெட்டு மணி நேரம் எங்கே, இரண்டு மணி நேரம் எங்கே!

அறுபது வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு ஆகாமல் இருந்திருக்கலாம், ஆனதை வான்கோழி மேல் பழிபோட்டிருக்கலாம். எப்படியும் அந்த அறுபது வருஷத்தில் வெள்ளை அணு குறைந்த மகள் ஒருத்தி அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை. தோழி இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. பாட்டி ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, "எங்கே வைக்கிறது, நீயே காட்டு" என்றார்.

நிஜமான பிரச்சினை அப்போதுதான் புரிந்தது. பிடிவாதம் எல்லாம் இல்லை, இடம்தான்! ஒன்பது கிலோ வான்கோழி உறைநிலை விட்டு இளக நாலைந்து நாள் ஃப்ரிட்ஜில் கிடக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையே வந்து ஒரு தட்டு முழுக்க ஆக்கிரமித்துவிட்டது. மீதியில் கோக், ஆரஞ்சு ஜூஸ், தண்ணீர் பாட்டில், ஊறுகாய், சாஸ். ஆறு பைக்கு இடமே இல்லை. கார் ஷெட்டில் வைக்கலாம், அங்கே குளிராகத்தானே இருக்கிறது என்றார் ஒரு மாமா. வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 54 டிகிரி. கைக்குச் சில்லென்று இருக்கும், கிருமிக்கு வசந்தகாலம்.

கோக்கைப் பார்த்துக்கொண்டிருந்த தோழிதான் வழி சொன்னாள். பாட்டில்கள் சூடாக இருந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை. குடிக்கிறது எல்லாம் வெளியே கூலர் பெட்டியில் ஐஸோடு போகட்டும், பை உள்ளே வரட்டும். அரை மணியில் இரண்டு தட்டு காலி. பாட்டியும் ஒரு மாற்றம் செய்தார். பையை ராத்திரி பதினொன்றுக்குப் பதில் மத்தியானம் மூன்று மணிக்கே சுட்டார். ஆறவைத்து உள்ளே வைக்கிற வரை முழித்திருக்க வேண்டாமா! விருந்து நாள் ஃப்ரிட்ஜைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நம்ம ஊர் கல்யாண வீட்டில் தயிருக்கும் கூல்டிரிங்க்ஸுக்கும் இதே சண்டைதான்.

ஆறவைப்பதிலும் பக்குவம் இருக்கிறது. ஓவனிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டின் மேல் வைத்தால் அடியிலும் காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது. சூட்டோடு மூடினால் ஆவி மேலே முட்டி, சொட்டுச் சொட்டாகப் பூரணத்தில் விழுந்து பள்ளம் பள்ளமாகும். ஒன்றரை மணி நேரம் போல ஆறியதும் மூடாமலே ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்தபிறகு அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட வேண்டும். பாட்டி வேறு மாதிரி செய்தார். காலி பைத் தட்டை மேலே கவிழ்த்துவிட்டார், தாள் பூரணத்தில் ஒட்டுகிற தொல்லையே இல்லை. ஓடு நமுக்காமல் இருக்க, பூரணம் ஊற்றுமுன் வெறும் ஓட்டை மட்டும் பொன்னிறமாகச் சுட்டுக்கொள்வது நல்லது. அடி கெட்டியாகிவிட்டால் ஈரம் சுலபத்தில் இறங்காது. பாட்டி அன்றைக்கு முதல் தடவையாக அதைச் செய்து, ஒரு பையை மட்டும் பழையபடி விட்டார். ஒப்பிட்டுப் பார்க்கவாம்!

இதில் ஒரு வேடிக்கை. பச்சைக் கிழங்குக்கு ஃப்ரிட்ஜ் ஆகவே ஆகாது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதற்கு நோவு வந்துவிடும், நடுவில் கட்டி விழுந்து எவ்வளவு வேகவைத்தாலும் கடிபடும். அதனால் இங்கே தோண்டிய கிழங்கை 29 டிகிரிச் சூட்டில், நல்ல ஈரக்காற்றில் ஒரு வாரம் போல ஆறப்போடுகிறார்கள். காயம் ஆறித் தோல் கெட்டியாகும். அப்புறம் 13 டிகிரியில் சேமித்தால் மாதக்கணக்கில் இருக்கும், இனிப்பும் ஏறும். செப்டம்பர், அக்டோபரில் தோண்டியது நவம்பர் கடைசியில் பதமாகக் கைக்கு வருகிறது. கூடையில் இருக்கும்வரை குளிரே ஆகாத கிழங்கு, முட்டை பாலோடு சேர்ந்ததும் குளிரை விட்டு வெளியே இருக்கக் கூடாது.

வியாழன் சாயங்காலம். டல்லாஸ் கவ்பாய்ஸ் ஆட்டம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பரிமாற அரை மணி முன்னால் இரண்டு பை மட்டும் வெளியே வந்தன, மற்றது எல்லாம் கேட்கக் கேட்கத்தான். ஆறையும் பரப்பி வைத்து அழகு பார்க்கிற பழைய வழக்கம் போனதில் பாட்டிக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது, எனக்கும்தான். வெட்டுகிற கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து ஒவ்வொரு தடவையும் போட்டால் துண்டு சுத்தமாக வரும். குளிர்ந்த பைதான் ஒழுங்காக வெட்டுப்படும், சூட்டில் வெட்டினால் அல்வாக் கிண்டிய மாதிரி ஆகிவிடும். என்ன செய்தாலும் முதல் துண்டு உடையும், அது வெட்டினவருக்கு. சூடாக வேண்டும் என்பவர்களுக்குத் துண்டை மட்டும் ஓவனில் காட்டினால் போதும். கிரீமைத் தட்டில் வைத்தபின் மேலே போட வேண்டும், பை மேல் முன்கூட்டியே போட்டால் நீர் விட்டுவிடும்.

அம்மா ஒரு துண்டு முழுக்கச் சாப்பிட்டார். இன்னொரு பாதி கேட்டார். பாட்டி எதுவும் பேசவில்லை. உட்கார்ந்து கால்பந்து பார்க்க ஆரம்பித்தார், வழக்கமாகப் பார்க்கவே மாட்டாராம்.

மிச்சம் வந்த ஒன்றரைப் பையில் பாதியை மூன்று நாளில் முடித்தோம், நாலு நாளுக்கு மேல் ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது. முழுசாக இருந்ததைப் பிளாஸ்டிக் உறையும் அதற்குமேல் அலுமினியத் தாளும் சுற்றி ஃப்ரீஸரில் போட்டார்கள். ஒன்றிரண்டு மாதம் ருசி குறையாமல் இருக்கும், தின்பதற்கு முதல்நாள் ஃப்ரிட்ஜுக்கு இறக்கினால் போதும். அம்மாவின் கடைசி மருந்து ஊசி டிசம்பரில் முடிந்த அன்றைக்கு அது வெளியே வந்தது. ஓடு நமுத்துத்தான் இருந்ததாம், தோழி போனில் சொன்னாள். ஓடு முன்கூட்டிச் சுடாத அந்த ஒற்றைப் பைதான் அது என்று பாட்டி உடனே கண்டுபிடித்துவிட்டார்.

இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐஸ் வாங்கி வருவது என் பொறுப்பு.