டப்பாவில் சேர்ந்த மாத்திரைகள்

அம்மாவின் பிரஷர் மாத்திரையை நிறுத்தியது நான்தான். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. "நல்லாத்தானடா இருக்கேன், இதைப் போட்டாத்தான் தலை சுத்துது" என்றாள். சரி விடும்மா என்றேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு மாத்திரை வாசலுக்கே வந்தது. வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அட்டை அட்டையாகச் சேர்ந்தது.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். இதயம் அனுப்பும் ரத்தத்திலோ 15 முதல் 20 சதவீதம் அதற்குப் போகிறது. மூளையின் ஆழத்துக்குப் போகிற குழாய்கள் மிகச் சன்னமானவை. வருஷக்கணக்கில் அழுத்தம் மோதினால் அவற்றின் சுவர் தடித்து உள்வழி குறுகும். ரத்தம் எட்டாத நரம்பிழைகள் பழுதாகும். வாய் கோணாது, கை விழாது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா யார் பேரையும் மறக்கவில்லை, பேரன் நட்சத்திரம் வரை சொன்னாள். ஆனால் தாளித்துவிட்டு, அடுத்து என்ன என்று கரண்டியோடு நின்றாள். கரைத்த புளி பக்கத்திலேயே இருந்தது. கேட்டதற்குப் பதில் வர நேரமானது. கால் தரையைத் தேய்த்தது. வயசாச்சுல்ல என்று கடந்துபோனேன். ரத்தக்குழாய்க் கோளாறில் பெரும்பாலும் ஞாபகத்துக்கு முன்னால் வேகமும், வேலையை வரிசையாகச் செய்கிற திறனும் தடுமாறும் என்பது, எம்ஆர்ஐ படத்தில் வெள்ளைத் திட்டுகளை டாக்டர் காட்டிய பிறகே தெரிந்தது.

பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் 9,000 பேருக்கு மேல் சேர்ந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு, 2019-இல் வெளிவந்தது. மேல் பிரஷரை 140-க்குக் கீழே வைக்க மருந்து பெற்றவர்களைவிட, 120-க்குக் கீழே கொண்டுவர மருந்து பெற்றவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. மறதிநோய் குறைந்ததாக அதில் உறுதியாகவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன். அம்மாவுக்கு 170-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு நான் 140-ஐக்கூடத் தேடவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. "மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "ஆமா சார்" என்றேன். அதை நம்பி இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். பயந்துபோய், திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். தலைசுற்றலை அப்போதே சொல்லியிருந்தால் மருந்தையே மாற்றியிருக்கலாமே என்றார்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. போன் செய்யும்போதெல்லாம் "அம்மா மாத்திரை போட்டாளா?" என்று கேட்டவள் அவள். போட்டாச்சு என்றே சொல்லிவந்தேன்.